சாயங்காலத் தோட்டக்காரன்

பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் பூசணி வகையான சுக்கினிச் செடியை மூன்று வருடம் நான் சாயங்காலத்தில் மட்டுமே பார்த்தேன். வேலை முடிந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு தோட்டத்தில் இறங்கும்போது ஆறு மணி தாண்டியிருக்கும். தண்ணீர் விடுவேன், நாலு களை பிடுங்குவேன், இலையைத் திருப்பிப் பார்ப்பேன். அந்த வேளையில் செடியில் கண்ணுக்குப் படுவதெல்லாம் பிழிந்து போட்ட துணிபோல முறுக்கிக்கொண்டு கிடக்கும் பூக்களும், அதன் அடியில் விரல் நீளத்துக்கு வந்து மேலே வளர மனமில்லாமல் மஞ்சளடிக்கும் பிஞ்சுகளும்தான். இரண்டு நாள் கழித்துத் தொட்டால் நுனி கொழகொழக்கும். மூன்றாம் நாள் காம்போடு கையில் வந்துவிடும்.

“சுக்கினியா? அது யார் போட்டாலும் காய்க்குமே” என்பார்கள். அந்த ‘யார்’ கணக்கில் என்னை மட்டும் ஏன் சேர்க்கவில்லை என்று புரியாது. ஆறு செடி வைத்தால் ஒரு பருவத்துக்கு எட்டுப் பத்துக் காய். அதிலும் பாதி கோணல்.

நோய்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். நுனி அழுகினால் கால்சியம் குறைவு என்று எங்கோ படித்ததை நம்பி, முட்டை ஓட்டைப் பொடித்துக் கொட்டினேன். அது மண்ணில் கரைந்து வேருக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பூஞ்சாணமாக இருக்குமோ என்று ஒரு மருந்து. இலையில் ஓட்டை தெரிந்ததும் பூச்சிமருந்து. சத்துப் போதவில்லையோ என்று தழைச்சத்து உரம். அந்த உரத்துக்கு மட்டும் செடி உடனே பதில் சொன்னது: இலை ஒவ்வொன்றும் முறம் அளவுக்கு விரிந்தது. காய் அதே எட்டுப் பத்துதான். செடிக்கு வந்த நோயைவிட எனக்கு வந்த வைத்தியப் பித்து பெரிது.

நாலாவது வருடம் ஒரு பயணம். விடியற்காலை ஐந்தரைக்கு வரவேண்டிய டாக்சி வரவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, சும்மா நிற்பானேன் என்று தோட்டத்துப் பக்கம் போனேன். சூரியன் முழுதாக ஏறவில்லை. முறம் முறமாய் நின்ற இலைகளுக்கு நடுவே ஏழெட்டுப் பூக்கள், உள்ளங்கை அகலத்துக்கு, ஐந்து முனையும் விரிந்து, ஆரஞ்சு கலந்த மஞ்சளில் திறந்து கிடந்தன. தினமும் நான் பார்க்கும் பிழிந்த துணிகள்தான் இவை என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. டாக்சி ஆறு நாற்பதுக்கு வந்தது. ஒரு தாமதத்துக்காக நான் கோபப்படாத ஒரே சமயம் அது.

சுக்கினிப் பூ விடியும்போது திறக்கும், முற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். வெயில் கடுமையான நாளில் இன்னும் சீக்கிரம். மூடினால் மூடியதுதான், மறுநாள் அதே பூ திறக்காது. ஒரு பூவுக்கு வாழ்நாளே ஒரு காலைப்பொழுது. அந்தச் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியது நடக்கவில்லை என்றால் அதன் கதை முடிந்தது. நானோ தினமும் கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு போய் நின்றுகொண்டு, மாப்பிள்ளைக்கு என்ன நோய் என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடக்க வேண்டியது என்ன? செடி ஒன்றுதான் என்றாலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவுக்கு நீளமான மெல்லிய காம்பு. உள்ளே நடுவில் ஒற்றைக் குச்சி, அதன்மேல் மஞ்சள் மகரந்தம். பெண் பூ குட்டைக் காம்பில் செடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு குட்டிக் காயை வைத்துக்கொண்டே பிறக்கும். உள்ளே பார்த்தால் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும், பிளவுபட்ட தடித்த சூல்முடி. என் மகளுக்கு இதைக் காட்டியபோது அவள் வைத்த பெயர்கள்: ‘குச்சிக்கால்’, ‘தொப்பைப் பூ’. வீட்டில் இன்றைக்கும் அதுதான் வழக்கு.

அந்தக் குட்டிக் காயைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். காய் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னும் பிடிக்கவில்லை, அது வெறும் சூலகம், காத்திருக்கும் இடம். மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அது காய். வராவிட்டால் செடி அதற்குச் சோறு போடுவதை நிறுத்திவிடும். மஞ்சளாகி, சுருங்கி, நுனியிலிருந்து அழுகும். நான் மூன்று வருடம் மருந்தடித்த ‘நோய்’ இதுதான். அரைகுறையாக வந்து சேர்ந்தால் காய் வளரும், ஆனால் காம்புப் பக்கம் பருத்து, பூ நுனிப் பக்கம் சூம்பிப்போய். என் கோணல் காய்களுக்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

சுக்கினியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது. தேனீயோ வேறு வண்டினமோ சுமந்தால்தான் உண்டு. அதுவும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தால் போதாது, பல தடவை வந்து போக வேண்டும். தேனீயை நம்பி இருக்கும் செடிக்குப் பூச்சிமருந்தை அடித்துவிட்டு, காய் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டவன் நான்.

தேனீ வராத நாளில், மழை மூட்டத்தில், பூ குறைவான சிறு தோட்டத்தில் அந்த வேலையை நாமே செய்யலாம். அன்று காலை திறந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களைக் கிழித்து எறிந்துவிட்டால் குச்சி மட்டும் மிஞ்சும். விரலால் தொட்டால் மஞ்சள் ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பிளவிலும் படும்படி மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டு வந்தால் கோணல் காய்தான். ஓர் ஆண் பூவில் இரண்டு மூன்று பெண் பூவை முடிக்கலாம். சின்ன ஓவியத் தூரிகை இருந்தால் பூவைக் கிள்ளவும் வேண்டாம். ஒன்பது மணிக்குமேல் தூங்கி எழுந்து வந்து செய்தால் பலன் குறைவு.

பூக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலும் ஆண் பூவாகவே வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும் என்பது பூசணிக் குடும்பத்துக்கே பொது. குளிர்ந்த பருவத்தில் சில சமயம் தலைகீழாக, பெண் பூ முதலில் வந்து துணையில்லாமல் உதிரும். ஒரே ஒரு செடி வைப்பவர்களுக்கு இந்தப் பொருத்தம் அமைவது கஷ்டம். ஒரு காலையில் ஆண் மட்டும், மறு காலையில் பெண் மட்டும். இரண்டு மூன்று செடியாவது வேண்டும். மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்க்கும் ரகங்களும் உண்டு, ‘பார்த்தெனான்’ அப்படிப்பட்டது. தேனீ நுழைய முடியாத கண்ணாடிக் குடிலில் வளர்ப்பவர்களுக்கு அது நல்ல வழி. எனக்கு அதில் ஆர்வமில்லை. காலையில் எழ ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அதை ஏன் விடுவது?

சுக்கினிக்குப் பூசணி பங்காளி என்றால்கூடக் குறைத்துச் சொல்வதாகும். மேலைநாட்டுப் பூசணிகள் பலவும் சுக்கினியும் குக்கர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனத்தின் பிள்ளைகள். மெக்சிகோவின் ஓஹாகாவில் குயிலா நக்கிட்ஸ் என்ற குகையில் கிடைத்த விதைகள், அந்த இனத்தை மனிதர்கள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கிவிட்டதைக் காட்டுகின்றன. கொலம்பஸுக்குப் பிறகு கடல் கடந்து ஐரோப்பா போனது. 19ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொடி ஓடாமல் புதராக நிற்கும், பிஞ்சிலேயே பறிக்கத் தோதான வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ‘சுக்கா’ என்றால் அவர்கள் மொழியில் பூசணி. ‘சுக்கினி’ என்றால் குட்டிப் பூசணிகள். பிரெஞ்சுக்காரர்களின் ‘கூர்ஜெட்’டும் அதே பொருளில் அமைந்த பெயர்தான்.

செடி கடல் கடந்தது, அதன் கூட்டாளி கடக்கவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் பூசணிப் பூவை மட்டுமே நம்பி வாழும் தேனீ இனங்கள் இருக்கின்றன. மற்றத் தேனீக்கள் கண் விழிக்கும் முன், சூரியன் எழும் முன்பே அவை வேலைக்கு வந்துவிடும். முற்பகலில் பூ மூடியதும் ஆண் தேனீக்கள் அந்தச் சுருண்ட பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கும். நான் சாயங்காலம் பார்த்து முகம் சுளித்த பிழிந்த துணி, வேறொரு கண்டத்தில் ஒருவருக்குப் படுக்கையறை. மற்ற இடங்களில் சாதாரணத் தேனீக்களும் உருண்டு திரண்ட பம்பிள் தேனீக்களும்தான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

நடவு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்த மண்ணில் விதை முளைக்காமல் அழுகும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே முயற்சி செய்யவே வேண்டாம். 25 டிகிரிக்குமேல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தலை காட்டும். 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். வேர் அசைவது இதற்குப் பிடிக்காது, அதனால் நேரடியாக ஊன்றுவதே மேல். நாற்று வாங்கினால் வேர்மண் உதிராமல் இறக்க வேண்டும். நல்ல வடிகால், நிறைய மக்கிய உரம், நாள் முழுக்க வெயில். பிடிவாதமாக நான் செய்த தவறு இடைவெளியில்தான். இரண்டு இலை நாற்றைப் பார்க்கையில் அதற்கு மூன்றடி இடம் விடச் சொல்வது வீண் ஆடம்பரமாகத் தோன்றும். ஒரு அடிக்கு ஒன்று வைத்தேன். ஆறு வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்ளே காற்றும் புகாமல், கையும் புகாமல், பூ எங்கே என்றே தெரியாத காடாகிவிட்டது. மூன்றடி என்றால் மூன்றடிதான்.

தண்ணீர் விஷயத்திலும் நேரம்தான் குழப்பியது. உச்சி வெயிலில் இலையெல்லாம் தொங்கிப்போவதைப் பார்த்தால் மனம் கேட்காது, ஓடிப்போய் ஊற்றுவோம். அவ்வளவு அகலமான இலை, வேர் உறிஞ்சும் வேகத்தைவிட வேகமாக நீரை ஆவியாக விடுகிறது. வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். விடியற்காலையிலும் தொங்கியிருந்தால்தான் தாகம். மண் ஈரமாக இருந்தும் காலையில் தொங்குகிறது என்றால் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, தண்டிலோ வேரிலோ ஏதோ நடக்கிறது. அடித்தண்டைக் குனிந்து பார்க்க வேண்டும். துளையும் மரத்தூள் மாதிரி கழிவும் இருந்தால் உள்ளே புழு. தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வேர்வரை இறங்கும்படி அடியில் விடுவது நல்லது. மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்குப் போட்டால் ஈரம் ஒரே சீராக நிற்கும்.

நான் முட்டை ஓடு கொட்டி விரட்டப் பார்த்த நுனியழுகல் நிஜமாகவே ஒன்று உண்டு. கொஞ்சம் வளர்ந்த காயில், பூ இருந்த நுனி பழுப்பாகிக் குழிந்து தோல்போலக் காயும். மண்ணில் கால்சியம் இல்லாததால் அது வருவது அபூர்வம். கால்சியம் நீரோடு சேர்ந்துதான் செடிக்குள் பயணிக்கிறது. ஒரு வாரம் காயப்போட்டு, மறு வாரம் குளமாக்கினால் காயின் கடைசி நுனிவரை அது போய்ச் சேராது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய் சரியாக வரும். விரல் அளவிலேயே மொத்தமும் மஞ்சளாகிறதா, வளர்ந்த காயின் நுனி மட்டும் கெடுகிறதா என்று பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம்.

இன்னொரு வெட்கக்கேடு. பல ரகங்களில் இலை நரம்பை ஒட்டி வெள்ளிப் பூச்சுபோலத் திட்டுகள் இருக்கும். பிறவியிலேயே வருவது, அழகும்கூட. அதைச் சாம்பல் நோய் என்று நினைத்து, நல்ல இலையாகப் பதினைந்தை ஒரே மாலையில் வெட்டித் தள்ளினேன். விரலால் தேய்த்திருந்தாலே தெரிந்திருக்கும். சாம்பல் நோய் வட்ட வட்டமாக மாவு கொட்டியதுபோல வரும், தேய்த்தால் விரலில் ஒட்டும். வெள்ளித் திட்டு தேயாது.

உண்மையான சாம்பல் நோய் வராத தோட்டம் கிடையாது. பருவத்தின் பின்பாதியில் எப்படியும் வரும். மற்றப் பூஞ்சைகளைப்போல இலை நனைய வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. காற்று ஓடாத, நெருக்கமான, நிழலான இடம் போதும். என் ஒரு அடி இடைவெளி அதற்கு விருந்தாகவே அமைந்தது. இதற்குப் பால் தெளிக்கலாம் என்று யாரோ சொன்னபோது நான் சிரித்தேன். பிறகு தேடினால், பிரேசிலைச் சேர்ந்த வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் 1999இல் இதைச் சுக்கினியிலேயே செய்துபார்த்து எழுதியிருக்கிறார். 10 சதவீதமும் அதற்கு மேலுமாகப் பால் கலந்த நீர், அவர் ஒப்பிட்ட பூஞ்சைக்கொல்லிகளுக்கு ஈடாகவோ மேலாகவோ வேலை செய்தது. நான் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை, காலை வெயிலில் இலையின் இருபுறமும் தெளிக்கிறேன், பூவில் படாமல். முதல் புள்ளி தெரியும்போதே தொடங்கினால் பலன் உண்டு. இலை முழுக்க வெளுத்தபின் தெளிப்பது பாலுக்குத்தான் நஷ்டம். தரையில் படியும் அடியிலைகளை மட்டும் காம்போடு ஒட்ட வெட்டிவிடுவேன்.

மஞ்சள் தேமலுக்கு மருந்தே இல்லை. இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, சுருங்கி, காயில் கட்டி கட்டியாகப் புடைக்கும். சுக்கினியின் பெயரையே தாங்கிய மஞ்சள் தேமல் வைரஸ் ஒன்று இருக்கிறது, 1973இல் இத்தாலியில்தான் முதலில் கண்டார்கள். அசுவினி ஒரு செடியில் வாய் வைத்துவிட்டு அடுத்த செடியில் வாய் வைக்கும் நொடிகளில் அது பரவிவிடும். மருந்தில் அசுவினி சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. எனக்கு ஒரு செடிமேல் பாசம் வந்து மூன்று வாரம் வைத்துப் பார்த்தேன். பக்கத்து இரண்டும் போயின.

பூச்சிகள் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் நத்தை, ஓரிடத்தில் சிவப்பு வண்டு, ஓரிடத்தில் தண்டுப் புழு. எங்கேயானாலும் இளஞ்செடியாக இருக்கும்போது மெல்லிய வலை போட்டு மூடுவது பெரிய காவல். பெண் பூ வந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் எடுக்க மறந்தேன். தேனீ வெளியே, பூ உள்ளே.

விளையாட்டாகச் சொல்லக்கூடாத விஷயம் கசப்பு. ஒரு முறை ஆசையாக ஒரு காயை முற்ற விட்டு, விதை எடுத்து, அடுத்த பருவம் ஊன்றினேன். செடி அட்டகாசம். காய் நல்ல நிறம். பச்சையாக ஒரு துண்டை நாக்கில் வைத்ததும் உடம்பே உதறியது. பூசணி இனத்தின் காட்டு மூதாதைகளில் இருக்கும் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் அது. அழகுக்காக வளர்க்கும் சிறு சுரைகள் பலவும் இதே இனம். தேனீ அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்தால் அந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது, அதன் விதையிலிருந்து வரும் செடியில்தான் கசப்பு தலைதூக்கும். சமைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்டு ஒருவர் இறந்தே போனார். இப்போது எந்தச் செடியின் முதல் காயானாலும் ஒரு துண்டை நாக்கில் தொட்டுப் பார்ப்பேன். கசந்தால் துப்பிவிட்டு, காயை மட்டுமல்ல, செடியையே பிடுங்கிவிடுவேன். விதை சேமிக்க வேண்டுமென்றால் முந்தின மாலையே பூவைக் கட்டிவைத்து, கையால் சேர்த்து, திரும்பவும் கட்ட வேண்டும்.

காலையில் போகத் தொடங்கிய அந்த நாலாவது வருடம் நான் எதிர்பாராத கஷ்டம் ஒன்று வந்தது: ஆறு செடியும் காய்த்தன. விதைத்து ஐம்பது நாளுக்குள் தொடங்கி, நிற்கவேயில்லை. சாண் நீளத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் பறிப்பதுதான் ருசி. தோலில் நகம் லேசாக இறங்க வேண்டும். நேற்று விரலாக இருந்தது நாளை சாணாகிவிடும். இரண்டு நாள் விட்டால் கை நீளம். ஒரு வாரம் விட்டால் தலைக்கு வைத்துத் தூங்கலாம். முற்றிய காய் வீண் மட்டுமல்ல, செடிக்கும் கேடு. உள்ளே விதை முதிரத் தொடங்கியதும், வம்சம் தழைத்தது என்று செடி நிறைவடைந்து புதுக் காய் விடுவதைக் குறைத்துவிடும். எனவே சமைக்கிறோமோ இல்லையோ, அறுத்தே ஆக வேண்டும். திருகிப் பிடுங்கக் கூடாது. கத்தியால் கொஞ்சம் காம்பு விட்டு அறுக்க வேண்டும். முழுக்கைச் சட்டை கட்டாயம், இலைக்காம்பின் சுணை முழங்கைவரை கோடு போடும். மூன்றாவது வாரம் மனைவி கூடையைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ஒரு நாள் லேட்டாத்தான் எந்திரிங்களேன்” என்றாள்.

இப்போது மூன்று செடிதான். இன்று ஆறே காலுக்குப் போனேன். மகள் முந்திக்கொண்டு போய் எண்ணிவிட்டு, “தொப்பை மூணு, குச்சிக்கால் ரெண்டு” என்று கத்தினாள். தூரிகையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு குனிந்தேன். முதல் பூவுக்குள் ஒரு தேனீ, கால் முழுக்க மஞ்சள் அப்பிக்கொண்டு, வெளியேற வழி தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தோம். அது பறந்து அடுத்த பூவுக்குள் தலைகீழாக விழுந்தது. தூரிகையைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, இலைக்கடியில் நேற்று நான் கவனிக்காமல் விட்ட காய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று துழாவினேன். இருந்தது. கை நீளத்தில்.